லிஸ்பன் வெயிலை நம்பிப் போர்வையைத் தானம் பண்ணலாமா?

9 நவம்பர் 2024 | கேட்டவர்

தொலைவேலை விசாவில் ஜனவரி முதல் வாரம் லிஸ்பன் வருகிறோம். நான், மனைவி, ஐந்து வயதுப் பையன். ஆண்டுக்கு 300 நாள் வெயில், ஜனவரியில்கூடப் பகலில் 15 டிகிரி என்று எங்கே பார்த்தாலும் போட்டிருக்கிறார்கள். இப்போது இருப்பது முனிச்சில். கனத்த கோட்டு, கம்பளி உள்ளாடை, போர்வை எல்லாவற்றையும் இங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு இரண்டு பெட்டியோடு கிளம்பலாம் என்று முடிவு. லிஸ்பன் ஐரோப்பாவின் பெங்களூர்தானே? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

9 நவம்பர் 2024, இரவு | பதில்

கொடுக்காதீர்கள். கோட்டைக் கொடுத்தாலும் போர்வையைக் கொடுக்காதீர்கள்.

15 டிகிரி உண்மை. வெயிலும் உண்மை. அது தெருவில். போன ஜனவரியில் என் படுக்கையறையில் காலை ஏழு மணிக்கு 12 டிகிரி காட்டியது. பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே வெயிலில் நின்றால் வியர்க்கிறது, வீட்டுக்குள் வந்தால் விரல் மரத்துப்போகிறது. கடையிலிருந்து திரும்பி வந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொள்ளும் ஊர் இது.

நான் தூத்துக்குடிக்காரி. இப்போது லிஸ்பனுக்கு எதிரே, தேஜு ஆற்றுக்கு அந்தக் கரையில், அல்மாடாவில் இருக்கிறேன். குளிருக்குப் பயந்தவள் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். ஸ்டாக்ஹோமில் குளிர்காலத்தைக் கழித்தவர்களும் இங்கே வந்து இதையே சொல்கிறார்கள்.

10 நவம்பர் 2024

வீட்டுக்குள் மட்டும் ஏன் இவ்வளவு குளிர் என்று கேட்டவர் திரும்பக் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

ஜெர்மனியில் வீடு கட்டும்போதே சுவருக்குள் வெப்பக் காப்பு வைத்து, சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு, அறைக்கு அறை ரேடியேட்டர் வைத்து முடித்துவிடுவார்கள். இங்கே கட்டடத்தின் வெப்பக் காப்புக்கு என்று முதல் விதிமுறை வந்ததே 1990-ல்தான். அதற்கு முன் கட்டியதெல்லாம் கான்கிரீட் சட்டத்துக்கு நடுவே செங்கல், பூச்சு, அவ்வளவுதான். உங்கள் வாடகைப் பட்ஜெட்டுக்குக் கிடைக்கும் வீடு பெரும்பாலும் அந்தக் காலத்து வீடு. சன்னல் அலுமினியத்தில் தள்ளு சன்னல், ஒற்றைக் கண்ணாடி. அடியில் ஒரு இடுக்கு. அந்த இடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்து வைத்திருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன், என் வீடும் சேர்த்து.

வீடு முழுக்கச் சூடேற்றும் மைய ஏற்பாடு என்பது அரிது. ரேடியேட்டர் இருந்தால் விளம்பரத்தில் தலைப்பிலேயே போடுவார்கள்.

இன்னொரு காரணம் பழைய வாடகைச் சட்டம். லிஸ்பனிலும் போர்த்தோவிலும் 1948 முதல் வாடகையை உறைய வைத்தார்கள். 1974 புரட்சிக்குப் பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. பெருமளவு தளர்ந்தது 2012 சட்டத்தில். அரை நூற்றாண்டு காலம் வீட்டுக்காரருக்கு வாடகை என்று கைக்கு வந்தது காப்பிச் செலவுக்குக் காணாது. அவர் எதற்குக் கூரையைப் பழுது பார்ப்பார்? வாடகை ஏறின பிறகும் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

13 நவம்பர் 2024

"அக்கா மிகைப்படுத்துகிறார், நான் காஷ்காய்ஷில் இருக்கிறேன், எனக்குக் குளிரே தெரியவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். லிஸ்பனை அடுத்த பணக்காரக் கடலோர ஊரான காஷ்காய்ஷில் புது அடுக்ககத்தில் தரைக்கடியில் சூடு ஓடும் வீட்டில் இருந்தால் எனக்கும் தெரியாதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டின் 2023 கணக்கு: வீட்டைப் போதிய அளவு சூடாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்று சொன்னவர்கள் ஐரோப்பிய ஒன்றியச் சராசரியில் 10.6 சதவீதம். போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் 20.8. இரண்டும் பட்டியலில் முதலிடம். பனியில் புதைந்து கிடக்கும் பின்லாந்தில் அது மூன்று சதவீதத்தைத் தொடவில்லை. வெயில் நாட்டுக்காரன் ஐந்தில் ஒருவன் வீட்டுக்குள் நடுங்குகிறான். குளிர் சும்மா இரண்டு மாதம்தானே என்று நூறு வருடமாகத் தள்ளிப் போட்டதன் பலன்.

24 நவம்பர் 2024

வீடு பார்ப்பது பற்றி. இதுதான் முக்கியம், பொறுமையாகப் படியுங்கள்.

ஊரில் தெற்கு வாசல் என்றால் வாடகையைக் குறைத்துக் கேட்போம். இங்கே தெற்குப் பார்த்த சன்னல் கிடைத்தால் அம்மாவிடம் ஒரு தேங்காய் உடைக்கச் சொல்லுங்கள். டிசம்பரில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தைத் தாண்டாது. தெற்குச் சன்னல் வழியாக அறையின் கடைசி வரை வெயில் நீட்டிப் படுக்கும். ஜூனில் அதே சூரியன் 75 டிகிரியில் தலைக்கு மேல் நிற்பதால் உள்ளே வராது. மேற்கு சன்னல் கோடையில் சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை அடுப்பு. வடக்கு மட்டும் பார்த்த வீடு வாடகை குறைவாக இருக்கும். அந்தக் குறைவை மின்கட்டணத்தில் கட்டிவிடுவீர்கள்.

விளம்பரத்திலேயே கிழக்கு, மேற்கு என்று திசை போடுவார்கள். போடவில்லை என்றால் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து சன்னலருகே வைத்துப் பாருங்கள். தரகர் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

விளம்பரத்தில் ஆற்றல் சான்றிதழின் எழுத்து ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், சிறந்த ஏ பிளஸிலிருந்து மோசமான எஃப் வரை. நீங்கள் பார்க்கப்போவது டி, இ, எஃப் மூன்றும்தான். டி கிடைத்தால் சந்தோஷப்படுங்கள்.

நவம்பரில் போய்ப் பார்க்கும் வீட்டில் புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் அலமாரியை நகர்த்தச் சொல்லுங்கள். வடக்குச் சுவரோடு ஒட்டிய அலமாரிக்குப் பின்னால், கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே, குளியலறைக் கூரை மூலையில் கரும்புள்ளி இருக்கிறதா பாருங்கள். பூஞ்சை. என் முதல் வீட்டுக்காரர் நான் வருவதற்கு முந்தின வாரம் வெள்ளையடித்திருந்தார். டிசம்பர் நடுவில் அந்த வெள்ளைக்கு அடியிலிருந்து கறுப்பு கிளம்பி வந்தது. கேட்டதற்கு, நீங்கள் சமையல் நிறையச் செய்கிறீர்கள் என்றார். சாம்பார் கொதித்த ஆவியாம். முன்பணத்தில் பெயின்ட் செலவைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார். வீட்டுக்குள் நுழையும்போதே சுவரெல்லாம் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

தரைத்தளம் வேண்டாம். உச்சித்தளமும் வேண்டாம், கூரை கோடையில் கொதிக்கும்.

24 நவம்பர் 2024, சற்று நேரம் கழித்து

உச்சித்தளம் வேண்டாம் என்றதை ஒருவர் மறுத்திருக்கிறார்: உச்சியில் இருந்தால்தான் எதிர்வீட்டு நிழல் விழாமல் குளிர்காலத்தில் வெயில் கிடைக்கும், மாடியில் துணியும் காயும் என்று. லிஸ்பனின் பழைய பகுதிகளான அல்ஃபாமா, மோரரியா மாதிரி இடங்களின் குறுகிய சந்துகளில் அவர் சொல்வது சரி. அங்கே முதல் மாடிக்கு டிசம்பரில் சூரியன் எட்டிப் பார்ப்பதில்லை.

2 டிசம்பர் 2024

எண்ணெய் ஹீட்டர் இரண்டு வாங்கி வைத்துவிட்டால் போதாதா என்று கேள்வி.

வாங்கலாம். இரண்டையும் சேர்த்துப் போட முடியாது. இங்கே மின்சாரம் எடுக்கும்போதே எத்தனை கிலோவோல்ட் ஆம்பியர் வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டாக வேண்டும். சின்ன வீடுகளில் பெரும்பாலும் 3.45, அதாவது சுமார் 3,450 வாட். அதற்கு மேல் இழுத்தால் மீட்டரே அணைத்துவிடும். 2,000 வாட் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது வெந்நீர்க் கெட்டிலைத் தட்டினால் டப். இருட்டில் செருப்பைத் தேடி மீட்டர்ப் பெட்டிக்குப் போக வேண்டும். 6.9-க்கு ஏற்றிக்கொள்ளலாம், தினசரி நிலைக்கட்டணம் கூடும். பழைய வீட்டில் வயரிங் தாங்குமா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

இரட்டை நேரக் கட்டணம் எடுத்தால் ராத்திரி பத்திலிருந்து காலை எட்டு வரை யூனிட் மலிவு. ஹீட்டர், துவைக்கும் இயந்திரம் எல்லாம் அப்போதுதான். ராத்திரி பத்தடித்ததும் எங்கள் கட்டடம் முழுக்கத் துவைக்கும் இயந்திரம் சுழலும் சத்தம் கேட்கும்.

ஹீட்டருக்கு முன்னால் வாங்க வேண்டியது ஈரம் உறிஞ்சி, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் மின் இயந்திரம். அதைப் பிறகு எழுதுகிறேன்.

5 டிசம்பர் 2024

விசா வருமானக் கணக்கு கேட்டவருக்கு: தொலைவேலை விசாவுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் நான்கு மடங்கு மாத வருமானம். 2024-ல் அந்த ஊதியம் 820 யூரோ, அதனால் 3,280. 2025 ஜனவரியிலிருந்து 870 ஆகிறது, அப்போது 3,480. வாடகை ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தத்துக்கு ஒன்பது இலக்க வரி எண் வேண்டும். வரி எண்ணை முதலில் வாங்குங்கள். காப்பி குடித்தாலும் அந்த எண்ணைப் பில்லில் போடவா என்று கேட்பார்கள். போடச் சொல்லுங்கள், வருமான வரியில் கொஞ்சம் திரும்ப வரும்.

குடியிருப்பு அட்டைக்குப் பொறுமை தேவை. பழைய குடிவரவுத் துறையைக் கலைத்து 2023 அக்டோபர் 29-ல் ஐமா என்ற புது முகமையைத் தொடங்கியபோதே மலையளவு பழைய கோப்புகள் அதன் தலையில் விழுந்தன. நான்கு லட்சம் விண்ணப்பம் தேங்கிக் கிடப்பதாக அரசே சொன்னது.

20 டிசம்பர் 2024

கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று இன்று பதில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். லிஸ்பனில் மார்த்திம் மொனிஸ் சதுக்கத்தின் வணிக வளாகம், அதை ஒட்டிய பென்ஃபொர்மோசு தெரு. வங்கதேசத்துக்காரர்கள் கடைகள். வெண்டைக்காய், பச்சை மிளகாய், முருங்கைக்காய் சில நாள். பொன்னி மூட்டையும் சில சமயம்.

நேற்று மத்தியானம் அந்தத் தெருவைத்தான் போலீஸ் இரு பக்கமும் அடைத்து, வெளிநாட்டு ஆட்களை வரிசையாகச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துச் சோதனை போட்டது. படம் இங்கே எல்லாச் செய்தியிலும் ஓடுகிறது. கைகளைச் சுவரில் வைத்து நிற்கிறவர்களில் பாதிப்பேர் எனக்குக் காய் நிறுத்துக் கொடுப்பவர்களின் சாயலில் இருக்கிறார்கள். வெயில், கடல், மலிவு என்று மட்டும் இந்த இழையில் பேசிக்கொண்டிருப்பது சரியில்லை, அதனால் எழுதினேன். பிரதமராக எட்டு வருடத்துக்கு மேல் இருந்த அந்தோனியு கோஷ்டாவின் அப்பா வழி கோவாதான். அவர் பிரதமராக இருந்த நாட்டில்தான் இதுவும்.

(பின்சேர்க்கை, ஜனவரி 11: "எங்களைச் சுவரோடு சாய்க்காதே" என்று பெரிய ஊர்வலம் இன்று. அண்டை வீட்டுப் போர்த்துகீசியர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். இதையும் எழுத வேண்டும் இல்லையா.)

14 ஜனவரி 2025

கேட்டவர் குடும்பத்தோடு வந்து சேர்ந்துவிட்டார். தனி மடலில் வந்த ஒரே வரி: "அக்கா, போர்வை இரண்டுதான் கொண்டுவந்தோம்."

என் அம்மாவும் இங்கே வந்திருக்கிறாள். தூத்துக்குடியிலிருந்து நேராக ஜனவரிக்கு. வீட்டுக்குள் மஃப்ளர், ஸ்வெட்டர், அதன் மேல் என் கோட்டு, மடியில் வெந்நீர்ப் பை. பதினொரு மணி ஆனதும் ஒவ்வொன்றாகக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெறும் சேலையோடு வெளியே கிளம்பி, பஸ் நிறுத்தத்துப் பலகையில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். அங்கே ஏற்கெனவே நாலு கிழவர்கள் தொப்பியோடு வெயில் காய்கிறார்கள். பஸ் வரும், போகும், யாரும் ஏறுவதில்லை. ஓட்டுநர் முதல் நாள் கதவைத் திறந்து காத்திருந்தார், இப்போது கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார்.

அம்மாவின் தீர்ப்பு: "இவங்க வீட்டத் தலகீழா கட்டிட்டாங்க. உள்ள வைக்கிறத வெளிய வச்சிட்டாங்க."

15 ஜனவரி 2025

கேட்டவருக்கு: மழை பெய்யும்போது வெள்ளைக்கல் பதித்த நடைபாதையில் தோல் செருப்போடு இறங்க வேண்டாம். சுண்ணாம்புக்கல் பல்லாண்டுகளாக வழவழத்துப்போயிருக்கிறது. சரிவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். பையனுக்கு ரப்பர் அடி.

3 பிப்ரவரி 2025

ஈரம் உறிஞ்சி.

லிஸ்பனில் மழையின் மொத்த அளவு சென்னையைவிடக் குறைவுதான். அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் பெரும்பகுதி கொட்டித் தீர்க்கிறது, அதுவும் குளிரோடு. துணி காய்வதில்லை. சன்னலுக்கு வெளியே கப்பியில் ஓடும் கொடியில் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்துக் கிளிப் மாட்டுகிறார்கள். மூன்றாம் நாள் எடுத்தால் ஈரமாகவே, கொஞ்சம் வாடையோடு இருக்கும். அப்பளம் டப்பாவுக்குள்ளேயே வளைகிறது. பெட்டிக்குள் வைத்திருந்த தோல் செருப்பில் பச்சை பூத்துவிட்டது. பட்டுச்சேலை இருந்தால் கொண்டுவராதீர்கள், அல்லது வாரம் ஒருமுறை வெயில் காட்டுங்கள்.

இயந்திரத்தை ஓடவிட்டால் ஒரு ராத்திரியில் தொட்டி நிறைந்து தானே நின்றுவிடுகிறது. காலையில் அந்தத் தண்ணீரைத் தூக்கி ஊற்றும்போதுதான் எதைச் சுவாசித்துக்கொண்டு படுத்திருந்தோம் என்று புரியும். ஈரப்பதம் 80-லிருந்து 55-க்கு வந்தால் அதே 15 டிகிரி கடிக்காது. ஹீட்டர் வைத்தும் உலராத அறை இதில் உலர்கிறது.

அப்புறம், இட்லி மாவு. சமையலறையில் 13 டிகிரியில் இரண்டு நாள் வைத்தாலும் அரைத்தபடியே கிடக்கும். இயந்திரத்தின் மேல்பக்கத்திலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றில் பாத்திரத்தை வைத்து, மேலே துண்டு போட்டேன். காலையில் பொங்கி வழிந்து காற்றுவழியில் இறங்கப் பார்த்தது. பாத்திரத்தைப் பாதி மட்டும் நிரப்புங்கள். ஓவன் விளக்கைப் போட்டு உள்ளே வைக்கும் முறையும் உண்டு; என் ஓவனில் விளக்கு எரிவதில்லை, வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

4 பிப்ரவரி 2025

கெட்டிப்பட்ட பூஞ்சைக்கு வினிகரா பிளீச்சா என்று ஒரு சண்டை நடந்திருக்கிறது. எதைப் போட்டாலும் சன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள், இரண்டையும் கலக்கவே கலக்காதீர்கள், நச்சுவாயு வரும். காலையில் எழுந்ததும் எல்லாச் சன்னலையும் பத்து நிமிடம் திறந்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. முனிச்சுக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம், ஜெர்மானியர்கள் இதை மதக்கடமை மாதிரி செய்வார்கள்.

22 பிப்ரவரி 2025

சாப்பாடு பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. பயப்பட வேண்டாம். ஐரோப்பாவில் தலைக்கு அதிகம் அரிசி சாப்பிடுகிறவர்கள் இவர்கள்தான். சாது, மொன்டேகு ஆற்றுப் படுகைகளில் வயல் இருக்கிறது. கரோலினு என்ற குண்டரிசி, குழைய வடித்தால் தயிர்சாதத்துக்கு அருமை. தெற்கே அலன்தேஜு வட்டாரச் சமையலில் கொத்தமல்லியை நம்மைவிடத் தாராளமாகப் போடுகிறார்கள். மீன் கேட்கவே வேண்டாம். சைவம் என்றால் கொஞ்சம் கஷ்டம். காய் சூப்பில்கூடப் பன்றித் தொத்திறைச்சி ஒரு துண்டு மிதக்கும். லிஸ்பனின் லுமியார் பக்கம் ராதா கிருஷ்ணர் கோயிலில் குஜராத்திகள் உணவகம் இருக்கிறது. மொசாம்பிக் 1975-ல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை அடைந்த சமயத்தில் அங்கிருந்து வந்த குடும்பங்கள் அவர்கள்.

29 ஏப்ரல் 2025

நேற்றுக் காலை 11:33-க்கு ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டிலும் சேர்த்து மின்சாரம் போனது. எங்கள் தெருவுக்கு ராத்திரி பத்துக்கு மேல்தான் வந்தது.

ஊரில் மின்வெட்டில் வளர்ந்தவளுக்கு முதல் ஒரு மணி நேரம் சிரிப்புதான் வந்தது. பிறகு செல்போன் கோபுரமும் போனது. மெட்ரோ நின்றது, சிக்னல் நின்றது, அட்டை வாங்கும் கருவி நின்றது. கையில் காசு வைத்திருந்தவன்தான் ரொட்டி வாங்கினான். பேட்டரி ரேடியோ கடைகளில் தீர்ந்துபோனது.

என் வீட்டில் 13 கிலோ பியூட்டேன் சிலிண்டர். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு அதைத் தூக்கி வரும்போதெல்லாம் திட்டியிருக்கிறேன். நேற்றுக் கட்டடத்தில் அடுப்பு எரிந்த வீடுகளில் ஒன்று என்னுடையது. எதிர்வீட்டுப் பெண் குழந்தைக்குப் பால் காய்ச்சப் பாத்திரத்தோடு வந்தாள், கீழ்வீட்டுப் பெரியவர் சூப்புச் சட்டியோடு வந்தார். இதுவரை படிக்கட்டில் காலை வணக்கம் மட்டும் சொன்னவர்கள். சூப்பு கொதிக்கும் நேரத்தில் அவருடைய மூட்டுவலி, பென்ஷன், பிரான்சிலிருக்கும் மகள் எல்லாம் தெரிந்துகொண்டேன்.

கேட்டவர் வீட்டில் எல்லாம் மின்சார அடுப்பு. பையனுக்கு வாழைப்பழமும் பிஸ்கோத்தும் கொடுத்துச் சமாளித்தார்களாம். பையனுக்கு ஒரே குஷி.

13 ஜூன் 2025

நேற்று ராத்திரி அந்தோணியார் திருவிழா. பதுவை அந்தோணியார் என்று நாம் சொல்கிறோம். அவர் பிறந்தது லிஸ்பனில், பதுவையில் இறந்தார், அவ்வளவுதான் என்று இவர்கள் வாதம். அந்தோணியார் கோயில் வைத்திருக்கும் நம் உவரிக்காரர்கள் மூன்றாவது கட்சியாக வரலாம்.

அல்ஃபாமா சந்து முழுக்கப் புகை. சாளையைச் செதில் எடுக்காமல், குடல் எடுக்காமல், கல்லுப்புத் தூவிக் கரியில் வாட்டி ரொட்டித் துண்டின் மேல் வைத்துக் கொடுக்கிறார்கள். ரொட்டியில் எண்ணெய் ஊறினதும் அதுதான் கடைசி வாய். அம்மாவிடம் போனில் சொன்னேன். குடலோடவா என்று கேட்டுவிட்டுப் போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டாள்.

சின்ன இலைத் துளசி மாதிரி ஒரு செடி தொட்டியில் விற்கிறார்கள், காகிதக் கார்னேஷன் பூவும் ஒரு நாலுவரிப் பாட்டும் குத்தி. மூக்கை வைத்து முகரக் கூடாது, உள்ளங்கையால் தடவிக் கையை முகர வேண்டும், இல்லாவிட்டால் செடி வாடும் என்று விற்ற பாட்டி என் தலையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிட்டாள்.

1 ஜூலை 2025

நேற்று முன்தினம் மோராவில் 46.6 டிகிரி. லிஸ்பனிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். ஜூன் மாதத்துக்கு இது நாட்டின் உச்சம்.

ஜனவரியில் இந்தச் சுவர்களைத் திட்டினவர்கள் வரிசையில் வந்து மறுபடி திட்டலாம், காப்பில்லாத சுவர் கோடையிலும் காப்பில்லாததுதான். ஒன்று மட்டும் நன்றாகச் செய்திருக்கிறார்கள்: சன்னலுக்கு வெளியே உருளும் பலகைத் திரை. காலை ஒன்பதுக்கு நாடாவை இழுத்து இறக்கிவிட்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஏற்றுங்கள். புதிதாக வந்தவர்கள் திறந்து வைத்துக் காற்று வாங்கப் பார்க்கிறார்கள். வருவது அனல்.

6 ஜூலை 2025

அவ்வளவு சூடென்றால் கடலில் போய் விழலாமே என்று ஒருவர். விழுங்கள், பிறகு எழுதுங்கள். கோடையில் வடக்கிலிருந்து விடாமல் அடிக்கும் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. எங்கள் பக்கத்துக் காப்பரிக்கா கடற்கரையில் ஜூலையில் தண்ணீர் 17, 18 டிகிரி. சாளை கொழுப்பதும் இந்தக் குளிர்நீரால்தான். தெற்கே அல்கார்வில் கொஞ்சம் தேவலை. நான் முழங்கால் வரை. கரையில் காற்றுத் தடுப்புத் துணியை நட்டு அதன் பின்னால் ஒண்டிக்கொண்டு, கத்திக்கொண்டு வருகிறவரிடம் மஞ்சள் கிரீம் வைத்த பன் வாங்கிச் சாப்பிடுவதே எனக்குக் கடல்.

11 ஆகஸ்ட் 2025

ஆகஸ்டில் எந்த அலுவலகத்திலும் எந்தக் கோப்பும் நகராது. என்னிடம் கேட்காதீர்கள், செப்டம்பரில் கேளுங்கள்.

2 நவம்பர் 2025

மறுபடியும் மழை. இழையை யாரோ மேலே இழுத்துவிட்டிருக்கிறார்கள்: "இவ்வளவு புலம்பும் அக்கா ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறார்?"

நியாயமான கேள்வி, யோசித்தேன். போன வருடம் எழுதியதைத் திரும்பப் படித்தால் வீடு, வீடு என்றே அடித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குள் இருக்க முடியாததால் நான் வெளியே இருந்த நேரம் அதில் வரவே இல்லை. ஸ்டாக்ஹோம் தோழி வீட்டில் 21 டிகிரி. நவம்பரில் உள்ளே போனால் மார்ச்சில்தான் வெளியே வருகிறாள். நான் ஜனவரியில் அல்மாடாவின் காசில்யாஷ் படகுத்துறையில் வெயிலில் உட்கார்ந்து ஒரு காப்பியை ஒரு மணி நேரம் குடிக்கிறேன், எழுந்திரு என்று யாரும் சொல்வதில்லை. 40 யூரோ மாத அட்டையில் படகு, மெட்ரோ, பஸ், ரயில் எல்லாம், லிஸ்பன் வட்டாரத்தின் பதினெட்டு நகராட்சிக்கும். ஆனாலும் பூஞ்சையை மன்னிக்கச் சொல்லாதீர்கள். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது நுரையீரல் விஷயம், உலகச் சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி என்கிறது. கீழ்வீட்டுப் பெரியவர் போன குளிர்காலத்தில் இருமிக்கொண்டே படுத்திருந்தார். அவருக்குப் படகுத்துறை வரை நடக்க முடியாது.

குடியுரிமை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஐந்து வருடத்தைப் பத்தாக்கும் மசோதா 2025 அக்டோபர் 28-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நவம்பர் 2025 நிலவரப்படி அது இன்னும் சட்டமாகவில்லை. அந்த மசோதாப்படி போர்த்துகீசியம் பேசும் நாட்டவர்க்கும் ஐரோப்பிய ஒன்றியத்தவர்க்கும் ஏழு, நமக்குப் பத்து. ஐந்தே வருடம் என்று கணக்குப் போட்டுக் கிளம்புகிறவர்கள் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

2 நவம்பர் 2025, இரவு

கேட்டவர் லிஸ்பனுக்குத் தெற்கே செத்தூபால் ஊருக்கு வீடு மாற்றிக்கொண்டாராம். இரண்டாம் மாடி, தெற்கு சன்னல், இரட்டைக் கண்ணாடி, ஆற்றல் சான்றிதழில் எழுத்து சி. அவருடைய அப்பா வாஸ்து பார்த்துவிட்டு வாசலில் ஒரு கணபதி வைக்கச் சொல்லியிருக்கிறார், வைத்துவிட்டாராம். பழைய வீட்டில் வாங்கின ஈரம் உறிஞ்சி விற்பனைக்கு இருக்கிறது, பன்னிரண்டு லிட்டர் வகை, வந்து எடுத்துக்கொள்கிறவர்களுக்கு விலை குறைத்துத் தருவார். வேண்டுமென்றால் அவருக்கு நேராக எழுதுங்கள், எனக்கு வேண்டாம்.